நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார். பிறகு ஒரு வாய் தேநீர். பிறகு ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பவர்போலத் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்க்கிறார். ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்தது. அதிலும் ஒன்றும் ஆகவில்லையென்றால் அதற்கடுத்தது. ஏதோ ஒன்றைப் போட்டதும் திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். மற்றவர்கள் தலையில் கை வைக்கிற அந்த இடத்தில்தான் இவருக்குச் சிரிப்பு வரும். “மாட்டினியா ராஸ்கல்” என்று அதை அணைத்துவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்து முடிப்பார்.

சின்னச் சின்ன வியாபாரிகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது இவர் தொழில். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே சுவரோடு ஒட்டிப் போட்ட ஒரு மேசைதான் அலுவலகம். குளிக்கப் போகிறவர்கள் இவருடைய நாற்காலியை முன்னால் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். தள்ளுவது யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், தட்டிக்கொண்டே நகர்ந்து கொடுப்பார். கேக் கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல்காரர், நாய் டாக்டர், செருப்புக் கடை அண்ணன் தம்பி என்று இவரை நம்பி ஒரு கூட்டம் இருக்கிறது. யார் என்ன கோளாறு என்று போன் செய்தாலும் இவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “மூடித் திறந்து பாருங்க.” பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். ‘மூடித்திற’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவர் திரும்புவதற்கே சற்று நேரமாகும்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுக் குரல் கணீரென்று ஆகிவிட்டவர். “வீட்ல சண்டைன்னாலும் இவருக்கு அதே வைத்தியம்தான்” என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பார். “எங்கம்மா, அவங்கம்மா, என் தங்கச்சி, எல்லாரையும் ஆளுக்கொரு ரூமுக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா ஹாலுக்குக் கூப்பிடுவாரு. யார் வந்ததும் சத்தம் கிளம்புதுன்னு பார்க்கணுமாம்.” கண்டுபிடித்தாரா என்று கேட்டால், “கண்டுபிடிச்சாரு, கண்டுபிடிச்சாரு. நான் வந்தப்பதான் கிளம்புச்சாம்” என்பார்.

இப்படி அணைத்துப் போடுகிற பிளக்கின் என்றால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் மூடித்திறவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொள்ளும். “இணையதளம்னா கூட்டுக் குடும்பம்ங்க. மெயின் சாஃப்ட்வேர்தான் குடும்பத்துப் பெரியவர். அவரைச் சுத்திப் பத்துப் பதினைஞ்சு பிளக்கின். ஒருத்தன் படம் காட்டுவான். ஒருத்தன் வாசல்ல காவலுக்கு நிப்பான். ஒருத்தன் வர்ற சேதியை வாங்கிக் கொடுப்பான். எல்லாரையும் பெத்தவங்க வேற வேற, ஒருத்தன் மூஞ்சிய இன்னொருத்தன் பார்த்ததே இல்ல. பெரியவர் பேசாம இருக்கறவரைக்கும் குடும்பம் ஓடும். அவரு திடீர்னு அப்டேட் ஆகி, புதுச் சட்டம் போட்டாருன்னு வைங்க, அன்னைக்கு இருக்கு கச்சேரி.” வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ‘நீங்க’. பிளக்கின்கள் எல்லாம் ‘டேய்’.

அப்படி ஒரு பெரிய அப்டேட் ஐந்து மாதம் முன்பு வந்தது. காலையில் எல்லாத் தளங்களிலும் அதைப் போட்டு முடித்துக் கைகழுவப் போனவரைப் போன் மணி பிடித்து நிறுத்தியது. கேக் கடையில் கேக்குகளின் படமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. டிரைவிங் ஸ்கூலில் காலண்டரைக் காணோம். நாய் டாக்டரின் தளத்தில், முன்பதிவு செய்ய வந்தவர்களுக்குச் செருப்புக் கடைக்கான விளம்பரம் போனது. அது எப்படி என்று இன்றுவரை இவருக்கே விளங்கவில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள். இவர் எல்லாவற்றையும் அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். சாயங்காலத்துக்குள் கத்தியவர்கள் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். அன்று இவர் நடையே தனியாக இருந்தது.

கத்தாத தளம் ஒன்று இருந்தது. அதை இவர் திறந்து பார்த்தார், படம் தெரிந்தது, எழுத்து தெரிந்தது. தன் கையாலேயே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார், போய்ச் சேர்ந்தது. சரி என்று மூடிவிட்டார்.

அது பக்கத்துத் தெருத் தையல்காரம்மாவின் தளம். பேன்ட் மடித்துத் தைப்பது, ஜிப்பு மாற்றுவது, ஸ்கூல் பைக்கு வார் வைப்பது என்று, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள். தளத்துக்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை. அதில் இருப்பது ஒரே பக்கம். மேலே ஒரு பையனின் படம்; காதுகள் கொஞ்சம் துருத்தியிருக்கும், கண் கூசுவதுபோலச் சிரிப்பான். அப்பாவோடு ஒரு நாள் வாய்த்தகராறு முற்றி, ‘இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காதே’ என்று அவர் சொல்லப்போக, அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனவன். போய் வருஷங்கள் ஆகின்றன. படத்துக்குக் கீழே, ‘இவனைப் பார்த்தால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே பெயரும் செய்தியும் எழுதி அனுப்பச் சின்னக் கட்டங்கள். அனுப்பியதும் ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று வரும். செய்தி நேராகத் தையல்காரம்மாவின் போனுக்குப் போகும், ஒரு நகல் இவருக்கும் வரும்.

அந்தத் தளத்துக்கு இவர் காசு வாங்குவதில்லை. வந்த செய்திகளைப் படித்ததுதான் காரணம். துறைமுகத்தில் பார்த்தேன், ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தேன், உங்கள் மகன் மாதிரியே ஒருவன் எங்கள் லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வந்தான் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுவார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவார், சிலவற்றுக்குப் பஸ் ஏறியும் போவார். போய்விட்டு வந்து, “அவன் இல்ல தம்பி. ஆனா நல்ல பையன். டீ வாங்கிக் கொடுத்தான்” என்பார்.

ஒரு தடவை எவனோ, உன் மகன் செத்துவிட்டான், நான்தான் பார்த்தேன் என்று வேண்டுமென்றே எழுதினான். பொய்தான். ஆனால் அந்த அம்மாள் மூன்று நாள் படுத்த படுக்கை. மூடித்திற கொதித்துப்போனார். அன்றே வாசலில் ஒரு காவல் பிளக்கினை நிறுத்தினார். குப்பையாக வருவதை அது தடுக்கும். தடுத்ததைச் சேர்த்து வைக்கட்டுமா என்று அது கேட்டதற்கு, ‘வேண்டாம், அழித்துவிடு’ என்று போட்டார். அந்த அழுக்கில் ஒரு துளிகூட அந்த அம்மாள் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தார். இதை அவர் செய்தது முழுக்க முழுக்க அன்பினால்தான்.

பெரிய அப்டேட் வந்த மாதத்திலேயே தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் காலமானார். காரியமெல்லாம் முடிந்து அந்த அம்மாள் இவரிடம் வந்து, இவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லித் தளத்தில் ஏற்றச் சொன்னார்: ‘அப்பா போயிட்டாருப்பா. கடைசி வாரம் உன்னைத்தான் கேட்டாரு. கோபம் எதுவும் யாருக்கும் இல்ல. ஒரு வரி எழுது.’

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. மகனிடமிருந்து மட்டுமல்ல, யாரிடமிருந்தும் வரவில்லை. ஊர் உலகமே ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டதுபோல இருந்தது. அந்த அம்மாள் வந்து கேட்பார், “தம்பி, சைட்டு சரியாத்தான் ஓடுதா?” இவர் உடனே மேசையில் உட்கார்ந்து ஒரு செய்தி தட்டுவார். அது போய்ச் சேரும். “பாருங்கம்மா, நல்லாத்தான் ஓடுது.” இப்படி எத்தனை தடவை சொன்னார் என்று இப்போது நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கூசுகிறது.

போன வாரம் அந்த அம்மாள் கடைசியாக வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: “மூடிடு தம்பி.”

“ஏம்மா, இருந்துட்டுப் போகட்டுமே.”

“அப்பா போன சேதியப் பார்த்துமா ஒரு வரி எழுத மாட்டான்? அவன் அப்படிப்பட்ட புள்ள இல்ல. எழுதலைன்னா…” அவர் சேலை நுனியில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்து எடுத்தார். “அவன் இல்ல தம்பி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போட்டோவ மட்டும் ஒரு காப்பி எடுத்துக் கொடு, அப்பா போட்டோ பக்கத்துல மாட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடித்திற அந்த வேலையில் உட்கார்ந்தார். மனசே இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கடைசியாக ஒரு தடவை அந்தப் பக்கத்தைக் காட்டினார். மனைவி கொஞ்ச நேரம் அந்தப் பையனின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இருங்க, மூடறதுக்கு முன்னாடி அந்தம்மாவுக்கு நானும் ரெண்டு வரி எழுதறேன்” என்று தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து எழுதி அனுப்பினார்.

“போயிடுச்சு. நன்றின்னு காட்டுது. உங்களுக்கு நகல் வந்துச்சா?”

“வரும்.”

இட்லிக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது என்கிற அளவுக்கு நேரம் ஆனது. “வந்துச்சாங்க?”

“நெட் ஸ்லோவா இருக்கும். மூடித் திறந்து பாரு.”

மனைவி மூடித் திறந்து மறுபடி எழுதினார். மறுபடியும் நன்றி சொன்னது. மறுபடியும் வரவில்லை. மூடித்திற தன் கணினியிலிருந்து ஒன்று அனுப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், மனைவியின் போனைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் அணைத்தார். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் போடப் போட, “அனுப்பு… இப்ப அனுப்பு” என்றார். காவல் பிளக்கினோடு இன்னொன்றையும் போட்டபோது செய்தி நின்றுபோனது. அந்த இன்னொன்று பரம சாது. தளம் சீக்கிரம் திறக்கட்டும் என்று பக்கத்தை ஒரு தடவை தயார் செய்து வைத்துக்கொண்டு, வருகிற எல்லாருக்கும் அதே நகலைக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அப்டேட்டுக்குப் பிறகு காவல்காரன் தினமும் ஒரு புது அடையாளச் சீட்டுக் கேட்க ஆரம்பித்திருக்கிறான். இந்தச் சாதுவோ வருகிறவர்களுக்கெல்லாம் பழைய சீட்டையே கொடுத்து அனுப்பியிருக்கிறது. பழைய சீட்டோடு வந்த அத்தனை பேரும் குப்பை என்று தள்ளப்பட்டிருக்கிறார்கள். தள்ளப்பட்டவன் சுதாரித்துக்கொண்டு வேறு வழியில் வந்துவிடக் கூடாதே என்று, காவல்காரன் அவர்களுக்கும் மரியாதையாக ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

தளத்தின் நிர்வாகியாக லாகின் செய்தவருக்கு மட்டும் அந்த நகல் போவதில்லை, புதுப் பக்கமே கிடைக்கும். மூடித்திற கணினியிலும் சரி, போனிலும் சரி, எப்போதும் லாகினிலேயே இருப்பவர். இந்தத் தொழிலில் இருப்பவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு வராது. ஐந்து மாதமாகத் தன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு, கதவு திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது என்று அவர் அந்த அம்மாளிடம் சத்தியம் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

காவல்காரனின் கணக்கைத் திறந்தார். இதுவரை தடுத்து அழித்தவை நானூற்றுச் சொச்சம் என்று ஓர் எண் மட்டும் இருந்தது. யார் எழுதியது, என்ன எழுதியது, ஒன்றும் இல்லை. முக்கால்வாசி உண்மையான குப்பையாகவே இருக்கும், அது அவருக்குத் தெரியும். மிச்சத்தில் அந்த லிஃப்ட் பையன் மாதிரி எவனையோ பார்த்த யாராவது இருக்கலாம். ஒருவேளை அந்த மகனே இருக்கலாம். ஒருவேளை யாருமே இல்லாமலும் இருக்கலாம். இது எதையும் இனிமேல் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் சிரிக்கவில்லை, ‘மாட்டினியா’ என்றும் சொல்லவில்லை. மேசையில் நெற்றியை வைத்துப் படுத்துவிட்டார்.

“சரிபண்ணிட்டு, அந்தம்மா சொன்ன மாதிரியே மூடிடலாமா?” என்று படுத்தபடியே கேட்டார். “அவங்க ஒரு வழியா மனச தேத்திக்கிட்டாங்க. இப்பப் போயி இதச் சொன்னா, திரும்பக் காத்துக்கிட்டு உக்காருவாங்க. ஆயுசுக்கும் உக்காருவாங்க.”

மனைவி சிரித்துப் பேசுகிறவர், அன்று சிரிக்கவில்லை. “அவன் உயிரோட இருக்கானோ இல்லையோ, அது நமக்குத் தெரியாது. ஆனா அந்தம்மா மனசுல அவனக் கொன்னது நம்ம வீட்டு மேசை. எந்திரிங்க.”

அந்தச் சாதுப் பிளக்கினை அணைத்துவிட்டு அவர் போனபோது, மாடிப்படிக்குக் கீழே அறை திறந்திருந்தது. தையல்காரம்மா மடியில் குண்டூசி டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது. மூடித்திற அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிளக்கின், சீட்டு, நகல் என்று ஆரம்பித்து, பாதியில் குழறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“நீ அனுப்பினதெல்லாம் எனக்கு வந்துச்சே தம்பி?”

“நான் உள்ளாள்மா. எனக்கு மட்டும் திறந்துச்சு. வெளியாளுங்க எழுதினது ஒண்ணுகூட உள்ள வரல.”

“அதெல்லாம் எங்க இருக்கு?”

“இல்லம்மா. அழிஞ்சுபோச்சு. தப்பு என்னோடதும்மா.”

அந்த அம்மாள் திட்டுவார், துணியைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். திட்டினால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த அம்மாளின் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

“அப்போ அவன் எழுதியிருக்கலாம்ல?”

“இருக்கலாம்மா. எழுதாமலும் இருந்திருக்கலாம். தெரியாது. தெரிஞ்சுக்கவே முடியாதும்மா.”

“எழுதியிருப்பான். அப்பா போன சேதியப் பார்த்திருப்பான்” என்ற அந்த அம்மாளின் கை, தைத்துக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே நின்றது. “எழுதிட்டு, கிடைச்சதுன்னு நன்றியும் வந்து… அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே பதில் போடலன்னா…” அவர் இவரை நிமிர்ந்து பார்த்தார். “வேண்டாம்னுட்டேன்னு நெனச்சிருப்பானோ தம்பி?”

வெளியே யாரோ மாடி ஏறும் சத்தம் தலைக்கு மேலே படிப்படியாகப் போய் ஓய்ந்தது.

“சரி, இப்ப சரியாயிடுச்சா?” என்று அந்த அம்மாளே கேட்டார். “அனுப்பிக் காட்டு. வெளியாள் மாதிரி அனுப்பு.”

இவர் தன் போனில் லாகினை விட்டு வெளியே வந்தார். அந்த அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தைத் திறந்து, ‘டெஸ்ட்’ என்று தட்டினார். “இந்தாங்கம்மா, நான்தான் அனுப்பறேன், பாருங்க” என்று சொல்லிவிட்டே பொத்தானை அழுத்தினார்.

மெஷினுக்கு அந்தப் பக்கம் கிடந்த அந்த அம்மாளின் போன் ஒலித்தது. அழுத்தின விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான், ஆனாலும் திரைச்சீலையை உதறிவிட்டு எழுந்து பாய்ந்தார். மடியிலிருந்த டப்பா கவிழ்ந்து குண்டூசிகள் அறை முழுவதும் தெறித்தன. போனை இரண்டு கையாலும் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு, “யாரு? தம்பி, யாருன்னு பாரேன், கண்ணாடியக் காணோம் எனக்கு, யாரு எழுதியிருக்கா?” என்றார்.

மூடித்திற முழங்கால் போட்டு உட்கார்ந்து குண்டூசிகளைப் பொறுக்கினார். கண்ணுக்குத் தெரிந்த ஊசியெல்லாம் டப்பாவுக்குள் வந்த பிறகும், தலையை நிமிர்த்தாமல், வெறுந்தரையை விரல்களால் தடவிக்கொண்டே இருந்தார்.